நூற்று நாற்பது வோல்ட்

நெல்லிவாசல்நாடு
10.1.2026

திரு. சைலஸ் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை. போடத் தோன்றவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, அலுப்பு என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

இனிமேல் போனில் பேச வேண்டாம். இங்கே சிக்னல் கிடைப்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையின்மேல் மட்டும்தான். அதில் நின்றுகொண்டு நான் உங்களோடு போட்ட சண்டையை ஊரே கேட்டிருக்கிறது. பள்ளி விடுதியில் சமைக்கும் முத்தம்மாள் நேற்று சோறு போட்டுக்கொண்டே, “இன்னா டீச்சர், சாரு மலைக்கே வரமாட்டேன்னுட்டாராமே?” என்று கேட்டாள். தலைமையாசிரியை என்று எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தப் பாறையில் போய்விட்டது. அதனால் எழுதுங்கள். விடுதிக்குக் காய்கறி ஏற்றிவரும் ஜீப் சுப்பிரமணி சனிக்கிழமைதோறும் செங்கம் வருவார். அவரிடம் கொடுத்தனுப்புங்கள். உறையை ஒட்டிக் கொடுங்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் அன்று என் அண்ணன் வீட்டில், எல்லோரும் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, “அவ வேணும்னா மலைல கெடக்கட்டும், நான் ஏறமாட்டேன்” என்றீர்கள். அண்ணி கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். இந்தப் பதவிக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் இன்னொரு முறை எப்போது வருமோ. விடுதிப் பொறுப்பும் என் தலையில்தான் என்பதால் நினைத்தபோது இறங்கி வரவும் முடியாது. நான் ஏறி வந்து ஆறு மாதம் ஆகிறது. நீங்கள் ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு என்று என்னால் காலம் தள்ள முடியாது. நமக்குப் பிள்ளைகள் இருந்தால் அதைச் சாக்காக வைத்தாவது யாராவது ஒருவர் ஏறியோ இறங்கியோ இருப்போம். அதுவும் இல்லை. வருவீர்களா, மாட்டீர்களா? மாட்டீர்கள் என்றால் அதையாவது எழுதிவிடுங்கள். என் பீரோவை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்மேரி


செங்கம்
17.1.2026

ஆன்மேரிக்கு,

கடிதம் கிடைத்தது. பாறை விஷயம் பேஜாராகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இங்கே கத்தியது அங்கே யாருக்கும் கேட்டிருக்காது. நீ கத்தியதுதான் கேட்டிருக்கும். சரி, விடு.

பொங்கல் முடிந்ததும் மண்டியில் நெல் குவிந்துவிட்டது. காலையில் உட்கார்ந்தால் எடை, தரகு, ஏற்றுக்கூலி என்று இருட்டும்வரை கூட்டிக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. டிவியைப் போட்டால் அது பாட்டுக்குக் கத்துகிறது. கடை இட்லியைத் தின்றுவிட்டுப் படுக்கிறேன். காலையில் எழுந்தால் படுத்தபோது இருந்த அதே களைப்பு அப்படியே இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. அதனால் வேறொன்று சொல்கிறேன். நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். கேம் விளையாட. சிரித்துத் தொலை, பரவாயில்லை.

லாரி ஓட்டும் கேம் ஒன்று இருக்கிறது. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் விடியவிடியப் போய்க்கொண்டே இருக்கலாம். மண்டியில் லோடு ஏற்றவரும் டிரைவர் பையன் ஒருவன் தன் லேப்டாப்பில் காட்டினான். பத்து நிமிஷம் ஓட்டினேன். அந்தப் பத்து நிமிஷமும் என் தலைக்குள் ஒரு எண்கூட ஓடவில்லை. சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாதவனுக்கு அது பெரிய விஷயம்.

திருவண்ணாமலையில் ரஞ்சித்குமார் என்ற பையன் கடை வைத்திருக்கிறான். நாம் கேட்கும் பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுக்கிறான். சீட்டுப் பணம் ஐம்பதாயிரம் என்றேன். “முடிச்சிரலாம்ணா. ஆனா ராம்னு மெமரி குச்சி இருக்குல்ல, அது வெல கன்னாபின்னான்னு ஏறிப்போச்சு. போன வருசமே வந்திருக்கலாம்ல?” என்றான். நான் எதைத்தான் நேரத்துக்குச் செய்தேன். படத்துக்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு போடுவதா, இல்லை அந்த வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் பிராசஸர் போதுமா என்று கேட்கிறான். கார்டு போட்டால் படம் கண்ணாடி மாதிரி இருக்குமாம். ஆனால் கரண்ட் நிறையக் குடிக்குமாம்.

அங்கே சாயங்காலத்தில் கரண்ட் எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

சைலஸ்


நெல்லிவாசல்நாடு
24.1.2026

திரு. சைலஸ் அவர்களுக்கு,

கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை எழுதினால் பிள்ளைகளுக்கு நான் பூஜ்யம் போடுவேன்.

குடும்பம் இருக்குமா போகுமா என்று கேட்டேன். ராம் விலை ஏறிவிட்டது என்று எழுதுகிறீர்கள். முப்பத்தெட்டு வயதில் லாரி ஓட்டப் போகிறீர்களா? ஓட்டுங்கள். அது குளியலறைக்கு டைல்ஸ் போடக் கட்டிய சீட்டு. அந்தக் குளியலறையில் இனி நான் குளிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கரண்டைப் பற்றி எதற்குக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் ஒரு குறை சொல்ல வேண்டும். உடனே, “பாத்தியா, இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், எழுதிக் குடுத்துட்டு எறங்கி வா” என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே?

இங்கே ஒரு குறையும் இல்லை. கரண்ட் நன்றாகவே வருகிறது. தண்ணீர் வருகிறது. குவார்ட்டர்ஸ் வசதியாக இருக்கிறது. முத்தம்மாள் சாமை சோறும் கீரையும் அருமையாகச் செய்கிறாள். நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஆன்மேரி


செங்கம்
31.1.2026

ஆன்மேரிக்கு,

திட்டியது போதும். வாங்கிக்கொண்டேன்.

கரண்ட் நன்றாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே திருவண்ணாமலை போனேன். ரஞ்சித் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைக் காட்டினான். செங்கல் அளவுக்கு இருக்கிறது. “ஒரு காலேஜ் பையன் வித்துட்டுப் போனதுண்ணா, சும்மா பறக்கும்” என்றான். அதற்குத் தீனி போட பெரிய பவர் சப்ளை. அந்தச் சூட்டைத் தணிக்க மூன்று விசிறி. அத்தனையும் அடங்க, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெரிய கேபினட். ஒன்றைப் பெரிதாக வாங்கினால் மற்றதெல்லாம் பெரிதாகிக்கொண்டே போகிறது. மானிட்டருக்குக் காசு போதவில்லை. மண்டியில் ஓரங்கட்டிய பழைய மானிட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கார்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். ஒரு குறையும் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நான் இங்கே தூங்கி எத்தனையோ நாளாகிறது. நான் இல்லாமல் உனக்கு அங்கே எதுவும் குறையவில்லை என்றால், நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? எதற்காகக் கேட்கிறாய்? ஊர் கேட்கிறதே என்பதற்காகவா?

கோபத்தில் எழுதவில்லை. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சைலஸ்


நெல்லிவாசல்நாடு
7.2.2026

சைலஸ்,

பதில் கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடி கேபினட்டும் செங்கல் கார்டும் வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு அதை விட்டுவிட்டு எங்கே வரப் போகிறீர்கள்.

பீரோவை ஜீப்பில் ஏற்ற முடியுமா என்று சுப்பிரமணியிடம் கேட்டேன். கதவைக் கழற்றிப் படுக்கவைத்தால் ஏற்றலாம் என்றார். வரும் இருபத்தெட்டாம் தேதி ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் சட்டைகள் மேல் தட்டில். எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆன்மேரி


செங்கம்
14.2.2026

ஆன்மேரி,

போன சனிக்கிழமை சுப்பிரமணி கடிதம் கொடுக்க வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். பீரோவை நிமிர்ந்தவாக்கில் பார்த்துவிட்டு, படுக்கவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, தானாகவே சொன்னார்: “சார், பீரோ கெடக்கட்டும். டீச்சரம்மாவுக்கு நல்ல எமர்ஜென்சி லைட்டா ஒண்ணு வாங்கிக் குடு சார். ராவானா மெழுகுவத்தி ஏத்திக்கினு பேப்பர் திருத்தறாங்க. எங்க மலைல பொழுது போச்சுன்னா லைட்டு இருக்கும், வெளிச்சம் இருக்காது.”

நீ எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது.

இந்தக் கடிதத்தோடு சின்னதாக ஒரு மீட்டர் அனுப்புகிறேன். பிளக்கில் சொருகினால் எத்தனை வோல்ட் என்று சிவப்பில் எண் காட்டும். சரியாக இருந்தால் இருநூற்று இருபதுக்கு மேல் காட்டும். எல்லா வீட்டிலும் லைட் போட்ட பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்குச் சொருகிப் பார். வருகிற எண்ணை அப்படியே எழுது. கூட்டாதே, குறைக்காதே. மற்ற சண்டையெல்லாம் அப்புறம்.

பீரோவை ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு அந்த எண் வேண்டும்.

சைலஸ்


நெல்லிவாசல்நாடு
21.2.2026

சைலஸ்,

நூற்று நாற்பது.

மூன்று நாள் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அதற்கும் கீழே போனது. ஊருக்கெல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மர். நாங்கள் கடைசியில் இருக்கிறோம்.

போதுமா? இன்னும் கேளுங்கள். டியூப்லைட் எரியாது, துடித்துக்கொண்டே இருக்கும். மிக்ஸி உறுமும், அரைக்காது. அதனால் சட்னி என்பதே மறந்துவிட்டது. முத்தம்மாள் செய்யும் கீரை அருமை என்று எழுதினேன் அல்லவா, இப்போது அதைக் கண்டாலே தொண்டையை அடைக்கிறது. பிள்ளைகளுக்குச் சிரங்கு. வருகைப் பதிவை ஏற்றுவதற்குத் தினமும் போனைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏற வேண்டும். பனியில் வழுக்கி ஒரு முறை விழுந்தேன். முழங்கை இன்னும் வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சாம்பல் புதனுக்குக் கோவிலுக்குக்கூடப் போக முடியவில்லை. விடுதிக்கு கேஸ் வரவில்லை என்று விறகுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

தூக்கமும் பொய்தான். படுக்கிறேன். கூரையில் ஏதாவது ஓடும். அது எலி என்று எனக்கே சொல்லிக்கொண்டு படுத்திருப்பேன்.

இதையெல்லாம் சொன்னால் நீங்கள் ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும் என்றுதான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. இத்தனைக்கும் பிறகும் இந்த வேலையை விடமாட்டேன். நான் வந்தபோது பள்ளிக்கு வராமல் நின்றுபோயிருந்த பெண் பிள்ளைகளில் நாலு பேரைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறேன். அவர்களுக்கு நான் இறங்கிப் போய்விடுவேனோ என்று பயம். நான் பையைத் தூக்கினாலே வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

எனக்கு வேலை பாரமாக இல்லை. வேலை முடிந்த பிறகு வரும் பொழுதுதான் பாரமாக இருக்கிறது. இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நீங்கள் இல்லாமல் எதுவும் குறையவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். குறைகிறது. எழுதிவிட்டேன்.

இப்போதாவது சொல்லுங்கள். இந்த நூற்று நாற்பதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆன்மேரி


செங்கம்
28.2.2026

ஆன்மேரிக்கு,

பீரோவை ஏற்றவில்லை. ஏன் என்று கடைசிவரை படி.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ரஞ்சித்திடம் போனேன். “தம்பி, கார்டு வேணாம்” என்றேன். “ஏண்ணா, அதான் முன்பணம் குடுத்துட்டீங்களே?” என்றான். கம்ப்யூட்டர் வைக்கப் போகிற வீட்டில் நூற்று நாற்பது வோல்ட்தான் வரும் என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “மொத நாளே சொல்றதில்லையாண்ணா? செங்கத்துக்குன்னு நெனச்சுல்ல லிஸ்ட் போட்டேன். எந்த வூட்டுக்குண்ணா?”

என் பெண்சாதி வீட்டுக்கு என்றேன்.

ஆமாம். கம்ப்யூட்டர் முதலிலிருந்தே அங்கே வைக்கத்தான். கரண்டைக் கேட்டது அதற்குத்தான். குறை பிடிக்க அல்ல. நீ நன்றாக வருகிறது என்று எழுதியதால்தான் அந்தச் செங்கலுக்கு முன்பணம் கொடுத்தேன்.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று திட்டுவாய். சொல்கிறேன். மலை ஏறமாட்டேன் என்று உன் அண்ணன் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதை எப்படி முழுங்குவது என்று தெரியவில்லை. அது ஒன்று. இன்னொன்று, வளைவு திரும்பினாலே எனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். ஆம்பளை இதையெல்லாம் எழுதுவானா என்று ஒரு வெட்கம். இதெல்லாவற்றையும்விடப் பெரியது வேறு. செங்கத்தில் நான் மண்டிக் கணக்குப்பிள்ளை. அங்கே வந்தால் நான் யார்? டீச்சரம்மா வீட்டுக்காரர். நீ பள்ளிக்கூடம் போனதும் பாறையில் உட்கார்ந்து வெயில் காய வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். உன்மேல் வெறுப்பில்லை.

டிரைவர் பையன் லேப்டாப்பில் கேமை மூடிவிட்டு அதிலேயே டீசல் கணக்கு போட்டான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கணக்குக்கு நெட் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். மலையிலிருந்தே கணக்கு எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். ஒரு மாதம் இழுத்தடித்தார். அவர் சரி சொல்வதற்கு முன் உன்னிடம் வாக்குக் கொடுத்து, அதுவும் பொய்யாகிவிட்டால் அப்புறம் உன் முகத்தில் விழிக்க முடியாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமைதான் தலையாட்டினார். “வாரத்துல மூணு நாளு கீழ இரு. மீதிய பென் டிரைவ்ல எடுத்துக்கினு போய் அங்க முடி. கணக்கு தப்பிச்சுன்னா மலைக்கு வந்து புடிப்பேன்” என்றார்.

புதிய பட்டியல் இதுதான். கிராபிக்ஸ் வேலையையும் தானே பார்க்கும் பிராசஸர். ராம் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு. அப்போதுதான் கார்டு இல்லாமலும் படம் இழுக்காமல் ஓடுமாம். ராம் விலைக்கு அழுதுவிட்டுத்தான் வாங்கினேன். சின்ன பவர் சப்ளை. கையில் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிற அளவுக்குச் சின்ன கேபினட், கண்ணாடி கிடையாது. மிச்சப் பணத்தில், நூற்று இருபது வந்தாலும் இருநூற்று இருபதாக ஏற்றிக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று. கம்ப்யூட்டருக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வாங்கியிருக்கிறேன். உன் டியூப்லைட்டும் மிக்ஸியும் அதில் ஓடும் என்கிறான் ரஞ்சித். மிக்ஸி போடும்போது மட்டும் நான் லாரியை ஓரங்கட்ட வேண்டுமாம். முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. போன பாதியில் ஒரு பங்கு உன் பொய்க்கு அபராதம். மீதி திறக்காத என் வாய்க்கு.

கேமில் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். தெரியட்டும். வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் வருகிறேன். முழங்கையை யாரிடமாவது காட்டு.

சைலஸ்

அரிசி டப்பாவுக்குப் பின்னால் சாவி இல்லை. தேடிப் பார்த்தேன்.


நெல்லிவாசல்நாடு
7.3.2026

அன்புள்ள சைலஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு, நீங்கள் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்து ஆத்திரம் வந்தது. பிறகு பசித்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் பசித்தது.

சாவி என் கைப்பையில் இருக்கிறது. தெரிந்துதான் தப்பாக எழுதினேன். உங்கள் சட்டைகளை எடுக்க நீங்கள் பீரோவைத் திறக்கவே கூடாது என்று இருந்தது.

முன் அறையில் பிளக் பாயிண்ட் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. மழை பெய்தால் அங்கே சாரல் அடிக்கும். அதனால் கட்டிலை உள் சுவரோரம் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கால் உடைந்து கிடந்த மேசையைச் சரிசெய்து ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரும் உங்கள் கணக்கும் வைக்க இடம் போதும். நான் பேப்பர் திருத்த ஒரு ஓரம் எனக்கு வேண்டும். முழுவதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் டீச்சரம்மா வீட்டுக்காரர் ஆகிவிடுவீர்களே என்று முத்தம்மாளிடம் சொன்னேன். “அதுக்கு இன்னா டீச்சர்? என் வூட்டுக்காரர இங்க எல்லாரும் சமையக்காரம்மா புருசன்னுதான் கூப்புடுது. அவரு ரெண்டு வேளையும் நல்லாத்தான் துன்னுக்கினு கீறாரு” என்றாள். யோசித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்காருங்கள். பையில் எலுமிச்சம்பழம் வையுங்கள். கண்ணை மூடாமல் தூரத்தில் பாருங்கள், மூடினால்தான் சுற்றும். வாந்தி எடுத்தால் எடுங்கள். நான் ஜமுனாமரத்தூரில் வந்து நிற்பேன், மாற்றுச் சட்டை கொண்டுவருகிறேன். அங்கிருந்து சுப்பிரமணி நம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்வார். ஸ்டெபிலைசரை மட்டும் மடியை விட்டு இறக்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் சண்டை இன்னும் முடியவில்லை. அண்ணி முன்னால் என்னை அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை இனிமேல் பாறையில் நின்று போட வேண்டாம். வீட்டுக்குள், லைட்டைப் போட்டுக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்தே போடுகிறேன்.

ஆன்மேரி